கருவி யார் கையில்?

கொல்லர் தம் சுத்தியலுக்கு வேண்டிய காம்பைத் தாமே செதுக்கிக்கொள்வார். தையற்கலைஞர் தம் கத்தரிக்கோலைப் பிறர் கையில் கொடுக்க எளிதில் மனம் ஒப்பமாட்டார். தச்சரின் உளியும் நெசவாளியின் நாடாவும் பல்லாண்டு உழைப்பில் அவரவர் கையோடு பழகி, அவரவர் உடலின் நீட்சியாகவே ஆகிவிடுகின்றன. கருவியைத் தேர்ந்தவரும், அதைக் கொண்டு உழைத்தவரும், பழுதுற்றபோது செப்பனிட்டவரும் பெரும்பாலும் ஒருவரே.

கணிப்பொறி என்னும் கருவி அலுவலக மேசையில் வந்து அமர்ந்தபோது இந்த ஒழுங்கு குலைந்தது. அதை உருவாக்குபவர் ஒருவர்; வாங்க முடிவெடுப்பவர் வேறொருவர்; பழுது பார்ப்பவர் மூன்றாமவர்; காலை முதல் மாலை வரை அதன் முன் அமர்ந்து உழைப்பவரோ நான்காமவர். இந்நால்வரும் ஒரே பொறியைப் பார்த்தாலும் அவர்கள் காண்பது ஒன்றன்று. எந்தக் கணிப்பொறி சிறந்தது, அதிலும் எந்த இயங்குதளம் சிறந்தது என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இயங்குதளம் என்பது யாது? பங்கு ஆலயத்தில் கோயிற்பிள்ளை செய்யும் பணியை நினைத்துப் பார்த்தால் அது விளங்கும். மணி அடிப்பதும், பீடத்தை ஆயத்தம் செய்வதும், விளக்கேற்றுவதும், எந்தப் பொருள் எந்த அலமாரியில் உள்ளது என்று நினைவில் வைத்திருப்பதும் அவர் வேலை. வழிபாட்டுக்கு வந்தவர்கள் அவரைக் கவனிப்பதில்லை. அவர் ஒருநாள் வராவிட்டால்தான் அவர் அருமை தெரியும். கணிப்பொறியில் விசைப்பலகையின் எழுத்தைத் திரைக்குக் கொண்டு செல்வதும், கோப்புகளை வட்டில் அடுக்குவதும், அச்சுப்பொறிக்கு ஆணையிடுவதும், பிற செயலிகளுக்கு இடமும் நேரமும் பங்கிட்டுத் தருவதும் இயங்குதளத்தின் பணிகள்.

பழகுவது மனிதனா, கருவியா?

1968ஆம் ஆண்டு திசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் ஆய்வாளர் ஏறத்தாழ தொண்ணூறு நிமிடங்கள் ஒரு செயல்விளக்கம் அளித்தார். மரப்பெட்டிக்குள் அமைந்த 'மௌஸ்' என்னும் சுட்டுக்கருவியை அவர் கையால் நகர்த்த, திரையில் எழுத்துகள் இடம் மாறின. சொற்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. பல கல் தொலைவில் இருந்த உடன்பணியாளர் ஒருவர் அதே ஆவணத்தில் அவரோடு சேர்ந்து பணியாற்றினார். கணிப்பொறி என்றால் கணக்குப் போடும் எந்திரம் என்றே உலகம் எண்ணியிருந்த காலம் அது. மனித அறிவின் ஆற்றலைப் பெருக்கும் கருவியாகவே அவர் அதைக் கண்டார்.

ஆனால் எங்கல்பார்ட்டின் நோக்கில் ஒரு கடுமையும் இருந்தது. அவருடைய அமைப்பைக் கையாள நீண்ட பயிற்சி தேவை. வலக்கையில் சுட்டுக்கருவி, இடக்கையில் ஐந்து கட்டைகள் மட்டுமே கொண்ட தனி விசைப்பலகை. எந்தெந்தக் கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் எந்த எழுத்து என்பதை மனப்பாடம் செய்தாக வேண்டும். வீணை கற்பவர் விரல் நோகப் பழகுவதில்லையா? அரிய கருவிக்கு அரிய பயிற்சி வேண்டும் என்பது அவர் கொள்கை.

சில ஆண்டுகளுக்குப் பின் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இக்கொள்கைக்கு நேர் எதிரான ஒரு பார்வை எழுந்தது. அந்நிறுவனத்துக்குச் சொந்தமான பாடநூல் பதிப்பகம் ஒன்றின் ஆசிரியர் குழுவுக்குக் கணிப்பொறி வழியே நூல்களைச் செப்பனிட ஓர் அமைப்புத் தேவைப்பட்டது. அப்பதிப்பகத்தின் சார்பில் வந்த டிம் மாட் என்பவரும், ஆய்வு மையத்தின் லாரி டெஸ்லரும் 1970களின் நடுவில் அப்பணியை ஏற்றனர். அவர்கள் முதலில் பதிப்பாசிரியர்கள் எவ்வாறு வேலை செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். அவர்கள் கைப்படிகளைக் கத்தரியால் வெட்டினார்கள். வேறிடத்தில் பசையால் ஒட்டினார்கள். டெஸ்லர், புதிதாகப் பணியில் சேர்ந்த செயலர் ஒருவரை வெற்றுத் திரையின் முன் அமரச் செய்து, ஒரு பக்கத்தைத் திருத்துவதாயின் என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டறிந்தார். அப்படிப் பிறந்த 'ஜிப்சி' என்னும் செயலியில் வெட்டுதலும் ஒட்டுதலும் அதே பெயர்களோடு இடம்பெற்றன. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் செய்யும் செயல் அது.

டெஸ்லர் எதை எதிர்த்தார் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். அதே மையத்தில் அதற்கு முன் உருவான 'பிராவோ' என்ற செயலியில் ஒரே கட்டை சில வேளைகளில் எழுத்தாகவும் சில வேளைகளில் ஆணையாகவும் செயற்படும். ஆணை பெறும் நிலையில் அது இருப்பதை மறந்து 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளையும் ஒருவர் தட்டினால், முதல் எழுத்து ஆவணம் முழுவதையும் தெரிவு செய்யும். இரண்டாவது அதை அழிக்கும். மூன்றாவது புதிதாக எழுத ஆயத்தமாகும். நான்காவது எழுத்து மட்டும் திரையில் தனியே நிற்கும். ஒரு நாள் உழைப்பு நான்கு தட்டலில் மறைந்துவிடும். 'ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல்' என்று நாம் சொல்வதுண்டு. சில வேளைகளில் கூடமே கோணலாக இருக்கலாம் என்பதைக் காட்டியவர் டெஸ்லர்.

தட்டச்சாளர் மூவரும் யூனிக்ஸும்

இதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேறொரு மரபு தழைத்தது. 'மல்டிக்ஸ்' என்ற பெருந்திட்டத்திலிருந்து அந்நிறுவனம் 1969இல் விலகியபின், கென் தாம்ஸன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் தம் தேவைக்கென ஒரு சிறிய இயங்குதளத்தை உருவாக்கினர். அதுவே யூனிக்ஸ். அதற்கெனப் புதிய கணிப்பொறி வாங்க நிறுவனம் எளிதில் இசையவில்லை. உரைகளைச் செப்பனிட்டு வடிவமைக்கும் ஓர் அமைப்பை ஆக்கித் தருவோம் என்று உறுதி கூறியே அவர்கள் பொறியைப் பெற்றனர்.

அதன் முதற்பயனாளர் அந்நிறுவனத்தின் காப்புரிமைத் துறை. 1971இன் பிற்பாதியில் அத்துறையின் தட்டச்சாளர் மூவர் பகல் முழுதும் அதில் காப்புரிமை விண்ணப்பங்களைத் தட்டிக்கொண்டிருக்க, அதே பொறியிலேயே ஆய்வாளர்கள் தம் பணியையும் தொடர்ந்ததாக ரிட்சி பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். அறிவியலாளரின் விளையாட்டுப் பொருள் என்று இன்றும் சிலர் எண்ணும் யூனிக்ஸ், மூன்று எளிய அலுவலர்களின் அன்றாட உழைப்பால் தன் இருப்பை நிலைநாட்டிக்கொண்டது என்பது வரலாறு.

யூனிக்ஸின் பண்பு தனித்தன்மை வாய்ந்தது. ஒவ்வொரு கருவியும் ஒரு சிறு வேலையை மட்டும் செம்மையாகச் செய்ய வேண்டும்; ஒன்றின் விளைவு அடுத்ததற்கு உள்ளீடாகக் குழாய்வழி நீர்போலப் பாய வேண்டும். டக் மெக்கில்ராய் வலியுறுத்திய இந்தக் குழாய் முறை 1973இல் அதில் இடம்பெற்றது. தச்சரின் கருவிப்பெட்டி போன்றது அது. பெட்டியில் என்னென்ன உள்ளன என்று அறிந்தவருக்கு எல்லையற்ற சுதந்திரம்; அறியாதவருக்கோ கருந்திரையும் மின்னும் ஒரு குறியுமே.

எக்கோவின் நகைச்சுவை

1981 ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணிப்பொறியை அறிவித்தது. அதற்கான இயங்குதளமாகிய 'டாஸ்' என்பதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கியது. சியாட்டில் நகரத்துச் சிறு நிறுவனம் ஒன்றிடமிருந்து விலைக்கு வாங்கிச் செப்பம் செய்யப்பட்டது அது. பிற நிறுவனங்களுக்கும் அதை விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. பின்வந்த அதன் ஆதிக்கத்துக்கு வித்திட்டது அந்த ஓர் உரிமையே. டாஸில் பயனாளர் ஆணைகளைத் தட்டியே எதையும் செய்ய வேண்டும்; கோப்பின் பெயர் எட்டு எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும்.

1984 சனவரி 24இல் ஆப்பிள் நிறுவனத்தின் மக்கின்டாஷ் வந்தது. பாலோ ஆல்டோவில் முளைத்த எண்ணங்கள் அதில் பொதுமக்களுக்கான பொருளாயின. டெஸ்லரும் 1980 முதல் அந்நிறுவனத்தில் பணியாற்றினார். திரையில் கோப்புகள் படங்களாகத் தெரிந்தன. வேண்டாதவற்றைக் குப்பைக்கூடையில் இட்டால் போதும். டாஸின் மீது ஒரு சித்திரத் திரைபோல மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் அமைந்தது. 1990இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பும், 1995 ஆகஸ்டு 24இல் வெளியான விண்டோஸ் 95உம் உலகின் அலுவலகங்களைப் பெரும்பாலும் தம் வசமாக்கிக்கொண்டன.

இவ்விரு தரப்பாருக்கும் இடையே நடந்த வாக்குவாதம் சமயப் போர் போலவே தோன்றியது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு நகைச்சுவை செய்தவர் இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ. புனித தோமா அக்குவினாரின் அழகியல் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். இளமையில் கத்தோலிக்க இளைஞர் இயக்கத்தில் ஈடுபட்டுப் பின்னர் நம்பிக்கையிலிருந்து விலகியவர். 1994 செப்டம்பரில் 'லெஸ்ப்ரெஸ்ஸோ' வார இதழின் தம் பத்தியில், மக்கின்டாஷ் கத்தோலிக்கம், டாஸ் புரோட்டஸ்தாந்தம் என்று அவர் எழுதினார். மக்கின்டாஷ் இயேசு சபையாரின் கல்விமுறை போல, விசுவாசியைப் படிப்படியாகக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. அதில் எல்லாருக்கும் மீட்பு உண்டு. டாஸோ மறைநூலைத் தாமே பொருள்கொள்ளும் உரிமையைத் தந்து, கடினமான முடிவுகளைத் தனிமனிதர் மனச்சான்றின்மேல் சுமத்துகிறது. எல்லாரும் கரையேற முடியாது. விண்டோஸ் ஆங்கிலிக்கன் பிரிவை ஒத்தது. பேராலயத்தில் ஆடம்பரமான சடங்குகள் உண்டு, விரும்பினால் பின்வாசல் வழியே டாஸுக்குத் திரும்பவும் செய்யலாம். எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள எந்திர மொழியோ பழைய ஏற்பாடு என்பது அவர் முடிவு.

இது சிரிப்பதற்காக எழுதப்பட்டதே. ஆயினும் ஒரு கருவி தன்னைப் பயன்படுத்துபவரிடம் எத்தகைய மனப்பாங்கை வளர்க்கிறது என்ற கேள்வியை எக்கோ எழுப்பிவிட்டார். வழிகாட்டலுக்குப் பணிவதா, பொறுப்பைத் தானே சுமப்பதா? எங்கல்பார்ட்டும் டெஸ்லரும் பட்ட கருத்து வேறுபாடே இங்கு வேறு ஆடை உடுத்து வருகிறது.

ஓர் அச்சுப்பொறியின் பிடிவாதம்

ஆனால் எளிமை, கடுமை என்னும் இரண்டோடு இந்த வழக்கு முடிந்துவிடவில்லை. 1980ஐ ஒட்டி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் ஒரு சிக்கலைச் சந்தித்தார். ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த அச்சுப்பொறியில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. பழைய பொறியில், தாள் சிக்கினால் காத்திருப்போருக்குச் செய்தி அனுப்பும்படி மென்பொருளை அவர் முன்பே திருத்தியிருந்தார். புதிய பொறிக்கும் அதையே செய்ய எண்ணி அதன் மூலநிரலைக் கேட்டார். அதை வைத்திருந்தவர், யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கூறி மறுத்துவிட்டார்.

சுத்தியல் காம்பைச் செதுக்கும் உரிமை மறுக்கப்பட்ட கொல்லரின் நிலை அது. ஸ்டால்மன் அதை ஓர் அறநெறிச் சிக்கலாகக் கண்டார். எவரும் படிக்கவும், திருத்தவும், அயலாரோடு பகிரவும் கூடிய முழு இயங்குதளம் ஒன்றை உருவாக்கப்போவதாக 1983 செப்டம்பர் 27ஆம் நாள் அறிவித்தார். அத்திட்டத்தின் பெயர் 'குனூ'. அதன் பல உறுப்புகள் ஆயத்தமாகியும் நடுவே கருவகம் ஒன்று மட்டும் குறையாக நின்ற வேளையில், 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காகத் தொடங்கிய லினக்ஸ் அந்த வெற்றிடத்தை நிரப்பியது.

இவ்விருவரும் ஒரே மரத்தின் கனிகளைப் பறித்தாலும் ஒரே காரணத்துக்காகப் பறிக்கவில்லை. ஸ்டால்மனுக்கு மென்பொருளின் விடுதலை மனித உரிமையைச் சார்ந்தது. கட்டுண்ட மென்பொருள் எவ்வளவு சிறந்ததாயினும் அவர் அதை ஏற்கமாட்டார். டோர்வால்ட்ஸுக்கோ பலர் கூடிச் செய்வதால் நல்ல கருவி கிடைக்கிறது என்பதே முதன்மை.

மனித உழைப்பைக் குறித்துத் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் 1981 செப்டம்பர் 14ஆம் நாளிட்டது, ஐ.பி.எம். கணிப்பொறி அறிவிக்கப்பட்டு ஒரு மாதமே ஆகியிருந்தது. மின்னணுத் தொழில்நுட்பத்தையும் குறிப்பிடும் அம்மடல், தொழில்நுட்பம் மனிதனின் துணை என்பதை ஒப்புக்கொள்கிறது. அதேவேளை, உழைப்பவரின் மனநிறைவையும் படைப்பாற்றலையும் பொறுப்புணர்வையும் பறிக்கும்போது அத்துணையே பகையாக மாறக்கூடும் என்றும் எச்சரிக்கிறது. ஆய்வுக்கூடங்களில் நடந்த வழக்கை அது அறிந்திருக்கத் தேவையில்லை. ஆயினும் அங்கு எழுந்த வினாவைத்தான் அதுவும் எழுப்புகிறது: கருவியை ஆள்பவர் யார்?

மியூனிக் மாநகரின் சோதனை

இக்கேள்விக்கு ஒரு மாநகராட்சியே விடை தேடிய வரலாறு செர்மனி நாட்டின் மியூனிக் நகரில் நிகழ்ந்தது. அம்மாநகராட்சியின் ஏறத்தாழ 14,000 கணிப்பொறிகளில் விண்டோஸ் என்.டி. இயங்கிவந்தது. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தவிருந்ததால், நன்றாக இயங்கும் பொறிகளையும் மாற்றியாக வேண்டிய கட்டாயம் எழுந்தது. நாள் குறித்தவர் விற்பவர். செலவு செய்ய வேண்டியவர்கள் நகர மக்கள். இந்த நிலையே மன்றத்தைச் சிந்திக்கத் தூண்டியது.

லினக்ஸுக்கு மாறலாம் என்ற பேச்சு எழுந்ததும், 2003இன் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர் நேரில் வந்து மேயர் கிறிஸ்டியன் ஊடேயைச் சந்தித்தார். விலையும் குறைக்கப்பட்டது. ஆயினும் 2003 மே 28ஆம் நாள் மாநகர மன்றம் லினக்ஸுக்கு மாறவே தீர்மானித்தது. செலவு ஒன்றையே அது கருதவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே நிறுவனத்தைச் சார்ந்து நிற்கும் நிலையிலிருந்து விடுபடுவதே மன்றத்தின் முதன்மை நோக்கம். 'லிமக்ஸ்' என்று அத்திட்டத்துக்குப் பெயரிட்டனர்.

முதற்பொறிகள் 2006இல்தான் மாறின. தாமதத்துக்குக் காரணங்கள் பல. மென்பொருள் காப்புரிமை பற்றிய ஐயத்தால் 2004இல் பணி சிறிது காலம் நின்றது. அதைவிடப் பெரிய தடை மாநகராட்சிக்குள்ளேயே இருந்தது. துறைதோறும் தனித்தனிக் கணிப்பொறிப் பிரிவுகள், தனித்தனி வழக்கங்கள், பல்லாண்டுகளாக அலுவலர்கள் தம் வசதிக்கேற்ப ஆக்கி வைத்திருந்த எண்ணற்ற படிவ வார்ப்புகள். எவை உள்ளன என்ற முழுக் கணக்கு எவரிடமும் இல்லை. இயங்குதளத்தை மாற்றப் புகுந்தவர்கள் முதலில் வீட்டைக் கூட்டிப் பெருக்க வேண்டியதாயிற்று. படிவங்களை ஒழுங்குபடுத்த அவர்களே எழுதிய 'வோல்மக்ஸ்' என்னும் செயலி 2008இல் எவரும் பயன்படுத்தத்தக்க பொதுவுடைமையாக வெளியிடப்பட்டது. 2013இன் இறுதியில், ஏறத்தாழ 15,000 பொறிகள் லினக்ஸில் இயங்கிக்கொண்டிருந்தன. ஒரு கோடி யூரோவுக்கு மேல் சேமித்திருப்பதாக மாநகராட்சி அறிவித்தது. மைக்ரோசாஃப்டின் ஏற்பாட்டில் வெளிவந்த ஆய்வொன்று அக்கணக்கை மறுத்தது.

கதை இங்கு முடிந்திருந்தால் அது வெற்றிக் கதை. 2014இல் புதிய மேயர் பொறுப்பேற்றார். அலுவலர்களிடையே குறைகள் மிகுந்துவிட்டதாகப் பேச்சு எழுந்தது. வெளியிலிருந்து வரும் ஆவணங்கள் திறக்கும்போது வடிவம் சிதைகின்றன. சில துறைகளுக்குத் தேவையான தனிச் செயலிகள் விண்டோஸில் மட்டுமே இயங்குகின்றன. பழுது நீக்க நாள் பல ஆகின்றது. 2016இல் ஆய்வு செய்த ஆலோசனை நிறுவனம், சிக்கல்களில் பலவற்றுக்கு நிருவாக அமைப்பின் குழப்பமே காரணம் என்று கண்டது. ஆனாலும் 2017 பிப்ரவரியில் விண்டோஸுக்குத் திரும்ப மன்றம் வாக்களித்தது. அதற்கென ஏறத்தாழ 5 கோடி யூரோ செலவாகும் என்று அவ்வாண்டு நவம்பரில் கணக்கிடப்பட்டது. மைக்ரோசாஃப்ட் தன் செர்மானியத் தலைமையகத்தை 2016இல் மியூனிக் நகருக்குள் மாற்றியிருந்ததை இதனோடு முடிச்சுப் போட்டுப் பேசியவர்களும் உண்டு. அவ்வாறு ஏதும் மெய்ப்பிக்கப்படவில்லை. 2020இல் அமைந்த புதிய கூட்டணியோ, இயன்ற இடங்களில் திறந்த மூலநிரல் மென்பொருளுக்கே முதலிடம் என்று தன் உடன்படிக்கையில் எழுதியது.

இதில் யார் சரி? சார்பின்மையை நாடிய மன்றத்தின் நோக்கம் உயர்ந்ததே. தம் மேசையில் ஆவணம் சிதைவதைக் கண்டு சலித்த எழுத்தரின் குறையும் உண்மையே. உயர்ந்த நோக்கத்தை மேலே நின்று அறிவித்தவர்கள், அதன் சுமையைக் கீழே நின்று தாங்கியவரின் குரலைப் போதிய அளவு கேட்டார்களா என்பதுதான் வினா. விண்டோஸுக்குத் திரும்பிய முடிவுக்கும் இதே வினா பொருந்தும். கருவியை மாற்றினால் நிருவாகக் கோளாறு நீங்கிவிடும் என்று முதலில் ஒரு தரப்பார் நம்பினர். பின்னர் மறுதரப்பார் நம்பினர்.

வரிசையின் வலிமை

பிரான்சு நாட்டின் ஜாந்தாமரி என்னும் காவற்படை வேறு வழியில் சென்றது. அப்படையினர் 2005இல் அலுவலகச் செயலியை மட்டும் ஓப்பன் ஆபீஸுக்கு மாற்றினர். அடுத்து இணைய உலாவியும் அஞ்சற் செயலியும் மாறின. பணியாளர்கள் இவற்றில் கை பழகியபின், 2008 முதல் படிப்படியாக இயங்குதளத்தை லினக்ஸுக்கு மாற்றினர். தரை பழகியபின் தளம் மாறியதால் பெரும்பாலோருக்கு அது இடறவில்லை. பல பத்தாயிரம் கணிப்பொறிகள் இவ்வாறு மாறின. செர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் மாநிலம் ஏறத்தாழ 30,000 அரசுப் பணியிடங்களை மாற்ற 2024இல் முடிவெடுத்தபோது, முதலில் அலுவலகச் செயலி, பின்னரே இயங்குதளம் என்று அதே வரிசையைக் கைக்கொண்டது.

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்வி 2000களின் பிற்பாதியில் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. அங்கு ஆசிரியர்களுக்கே முதலில் விரிவான பயிற்சி தரப்பட்டதை வெற்றிக்கான காரணமாகச் சுட்டுவர். தமிழகத்தில் 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சென்னையில் உருவான 'பாஸ்' என்னும் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது.

ஏட்டை யார் திறப்பார்?

இன்று இந்த வழக்கின் முகம் மாறியிருக்கிறது. அலுவலக வேலையில் பெரும்பகுதி இணைய உலாவிக்குள்ளேயே நடந்துவிடுகிறது. மேசைமேல் உள்ள பொறியில் எந்த இயங்குதளம் என்பதைவிட, நம் ஆவணங்கள் யாருடைய சேமிப்பகத்தில் உறங்குகின்றன, அவற்றைத் திறக்கும் திறவுகோல் யாரிடம் உள்ளது என்பதே பெரிய வினாவாகிவிட்டது.

தமிழராகிய நாம் இதை அனுபவித்தே அறிந்தவர்கள். 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்தது. ஓர் எழுத்துருவில் அடித்த கட்டுரை, அது இல்லாத பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டிப் பொதுக் குறியீடுகளும் விசைப்பலகையும் வகுக்கப்பட்டன. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் அச்சேறிய எத்தனையோ சிற்றிதழ்களின் தாள்படிகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அவற்றின் கணிப்பொறிக் கோப்புகளைத்தான் திறக்க இயலவில்லை.

திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563இல் திருமணங்களைப் பங்குக் குரு ஓர் ஏட்டில் பதிந்து காக்க வேண்டும் என்று விதித்தது. மை மங்கினாலும், தாள் பழுத்தாலும், அந்த ஏட்டைத் திறக்க எந்த நிறுவனத்தின் இசைவும் வேண்டியதில்லை. கண்ணும் எழுத்தறிவும் உள்ள எவரும் தம் பாட்டனார் பெயரை அதில் தேடிக் காணலாம். அலுவலக ஆவணங்களுக்கும் அத்தகைய பொதுவடிவம் வேண்டும் என்ற கோரிக்கையின் விளைவாகத் திறந்த ஆவண வடிவம் ஒன்று 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. ஆனால் தரம் இருப்பது ஒன்று; நாம் அதைக் கேட்டு வாங்குவது மற்றொன்று.

ஆகவே, நம் பள்ளியிலோ, பங்கு அலுவலகத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ கணிப்பொறி வாங்கும் வேளையில் எந்த நிறுவனத்தின் பொருள் சிறந்தது என்ற வாதம் எழுவது இயல்பு. அதற்கு முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. நாள்தோறும் அதில் உழைக்கப்போகிறவரிடம் நாம் பேசினோமா? பழுதுற்றால் செப்பனிட நம்மிடையே ஒருவரேனும் கற்றிருக்கிறாரா? இன்று நாம் பதிவு செய்வதை நம் பேரப்பிள்ளைகள் யாரிடமும் கையேந்தாமல் திறந்து படிக்க முடியுமா? இம்மூன்றுக்கும் விடை கண்டவர்கள் விண்டோஸை வாங்கினாலும் லினக்ஸை நிறுவினாலும் கருவி அவர்கள் கையில்தான் இருக்கும். விடை தேடாதவர்கள் எதை வாங்கினாலும், அடுத்த பதிப்புக்கு நாள் குறிக்கப்போகிறவர் வேறொருவர்.